செருப்புத் தட்டு: பெட்டியா, குழாயா, வலையா, ரீப்பையா?

மாரி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது, எங்கள் விறாந்தையில் கிடந்த செருப்பு, சப்பாத்துகளை ஒருநாள் எண்ணினேன். ஐந்து பேர் உள்ள வீட்டில் இருபத்துமூன்று சோடி. பாதி வாசற்படியில், மீதி கதவு நிலைக்கும் கால் கழுவும் வாளிக்கும் நடுவில். மகளின் வெள்ளைப் பாடசாலைச் சப்பாத்தின் மேல் மாமியின் றப்பர் செருப்பு சேற்றோடு ஏறிக் கிடந்தது. இனி ஒன்றும் நிலத்தில் கிடக்கக்கூடாது, எல்லாம் சுவரில் ஏற வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தேன். எதைக் கொண்டு ஏற்றுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்கத்தான் இரண்டு மாரி எடுத்தது. எங்கள் வீட்டிலும் அண்ணன், தங்கச்சி வீடுகளிலுமாக நாலு விதம் செய்து பார்த்துவிட்டோம். இப்போது தைரியமாக எழுதலாம்.

நாங்கள் இருப்பது மட்டக்களப்பு, கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் மணல். கடைக்குப் போய் வந்தாலே செருப்பில் ஒரு பிடி மணல் வீட்டுக்கு வரும். வருடத்து மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த நாட்களில் செருப்பு காய்வது என்பதே பெரிய பாடு. 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. அவ்வளவு வெள்ளம் வராத வருடத்திலும் விறாந்தை நனையும், மண்புழு ஏறும், காய்ந்த இடம் தேடி மட்டத்தேள் வரும். அது முதலில் ஒளிவது சப்பாத்துக்குள்தான். போதாததற்கு உப்புக் காற்று. இரும்பென்றால் அதற்கு வெறி. கொழும்பு மாடிவீட்டுக்கென்று செய்த ஒரு தட்டின் படத்தைப் பார்த்து அதை அப்படியே இங்கே செய்தால் சரிவராததற்கு இவைதான் காரணம். மற்ற ஊர்களில் செருப்புத் தட்டு என்றால் ஒழுங்குக்கு. இங்கே அது முதலில் காய வைப்பதற்கு. என் தெரிவு முழுவதும் இந்த ஒரு அளவுகோலில்தான் நிற்கிறது.

தட்டைப் பற்றிப் பேச முன் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதைச் செய்தாலும் தாங்கப்போவது அதுதான்.

எங்கள் பகுதியில் பெரும்பாலான வீடுகள் சீமெந்துக் கல்லால் கட்டியவை. கல்லின் தரம் வீட்டுக்கு வீடு வேறு. சில கல்லில் ட்ரில் மெஷின் முனகும். சிலதில் வெண்ணெயில் போவதுபோல் இறங்கிவிடும். எங்கள் வீட்டு நிலைகளைச் செய்த ஓடாவியார் சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புள்ள, இந்தச் செவத்துல பூச்சுதான் இறுக்கம். உள்ளுக்குக் கல்லு மண்ணாத்தான் கிடக்கு. ஆழமாப் போடு." நான் அதைக் காதில் சரியாக வாங்கவில்லை. முதல் தட்டை 2 அங்குல ஸ்குரூவில் மாட்டினேன். மூன்றாம் வாரம் தட்டு சரிந்தது. எடுத்துப் பார்த்தால், ஸ்குரூவைப் பிடிக்கத் துளைக்குள் இறக்கும் ரோல் பிளக் நாலும் பூச்சின் துண்டுகளோடு அப்படியே வெளியே வந்திருந்தன. கல்லில் பெரிதாகச் சேதம் இல்லை, ஏனென்றால் பிளக் கல்லுக்குள் போதிய ஆழம் இறங்கவே இல்லை.

கணக்கு மிக எளிது. பலகை 2 சென்ரிமீற்றர், பூச்சு ஏறக்குறைய ஒன்றரை, அதன் பிறகு கல்லுக்குள் குறைந்தது 3. கூட்டினால் ஆறரை. 2 அங்குலம் என்பது 5 சென்ரிமீற்றர்தான். ஆகவே 3 அங்குல ஸ்குரூ, 8 மில்லிமீற்றர் துளை, பிளக்கைப் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் தட்டி இறக்க வேண்டும். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுக்காமல் பிளக்கை இறக்கினால் அது தூளைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. ஊதும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இன்னொன்று: சுவிட்சுக்கும் பிளக் பொயின்ருக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடவே கூடாது. வயர் பெரும்பாலும் அந்த நேரில்தான் போகும்.

பாரத்தை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. பன்னிரண்டு சோடி ஏறக்குறைய பத்துக் கிலோ வரும். அந்தப் பாரம் சுவரிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கிறது, மேல் ஸ்குரூவுக்கும் கீழ் ஸ்குரூவுக்கும் 20 சென்ரிமீற்றர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், மேல் ஸ்குரூக்கள் எல்லாம் சேர்ந்து தாங்கும் இழுவை ஐந்து கிலோ அளவுதான். பயப்பட வேண்டியது பிள்ளைகளுக்கு. இருபத்தைந்து கிலோப் பிள்ளை ஒன்று முன் விளிம்பைப் பிடித்துத் தொங்கினால் அந்த இழுவை ஒரே நொடியில் ஐந்தாறு மடங்காகும். பிள்ளைகள் உள்ள வீட்டில் மேல் வரிசையில் இரண்டு ஸ்குரூ கூடுதலாகப் போடுவது அதற்காகத்தான்.

இனி நாலு விதங்கள்.

நான் முதலில் ஆசைப்பட்டது மூடிய பெட்டி. முன் கதவு கீழே கீலில் நின்று, மேலே பிடித்து இழுத்தால் சாய்ந்து திறக்கும் வகை. சப்பாத்து நிமிர்ந்து நிற்பதால் சுவரிலிருந்து 18 சென்ரிமீற்றர்தான் வெளியே நீட்டும். 60 சென்ரிமீற்றர் அகலத்தில், ஒன்று 40 உயரமுள்ள இரண்டு கதவு வைத்தால் பெரியவர்களின் ஆறு சோடி அடங்கும். ஒடுக்கமான நடைவழிக்கு இதைவிட நல்லது இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே செருப்பு இருக்கிறது என்றே தெரியாது. வருவோர் போவோர் பார்வைக்கு அவ்வளவு துப்புரவு. 12 மில்லிமீற்றர் பிளைவூட்டில் செய்தேன். கீல்களுக்கும் கதவு முழுக்கச் சாயாமல் பிடிக்கும் சங்கிலிக்கும் செலவு கொஞ்சம் கூட. நேரம் இரண்டு ஞாயிறு. செய்து முடித்த அன்று வந்த மகிழ்ச்சியை மறக்க மாட்டேன்.

டிசம்பர் நடுவில் ஒருநாள் என் கணவருக்குக் கொழும்பில் ஒரு கூட்டம். தோல் சப்பாத்தை எடுக்கக் கதவைச் சாய்த்தேன். பழைய அலுமாரியின் வாடை முகத்தில் அடித்தது. கறுப்புத் தோலின் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் பூத்து, லேஸ் துளைகளைச் சுற்றி வளையம் வளையமாக ஏறியிருந்தது. உள்ளே வைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஈரம் சப்பாத்தோடு மட்டும் போகவில்லை, பெட்டியின் முதுகு ஒட்டி நின்ற சுவரிலிருந்தும் வந்திருக்கிறது. பிறகு முதுகுப் பலகையைக் கழற்றி எறிந்தேன், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் 2 சென்ரிமீற்றர் கட்டை வைத்தேன், இரு பக்கமும் வரிசையாகத் துளை போட்டேன். இப்போது அது நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குள் போவது திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் போடும் செருப்புகள் மட்டும், அதுவும் காய்ந்த பிறகு. தினம் போட்டு நனையும் செருப்பை அடைக்கும் இடம் அதுவல்ல. எம்.டி.எஃப் பலகையில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது அழுத்திய மர நார். ஈரம் பட்டால் விளிம்பு ஊதி ஸ்குரூ பிடி விட்டுவிடும். எங்கள் கரையில் விறாந்தைக்கு அது வேண்டாம்.

அண்ணன் பிவிசி பைப்பில் செய்தார். வீடு கட்டி மிஞ்சிய 160 மில்லிமீற்றர் பைப் அவரிடம் கிடந்தது. முப்பது சென்ரிமீற்றர்த் துண்டுகளாக வெட்டி, தேன்கூடு மாதிரி அடுக்கிச் சுவரில் பூட்டினார். அவர் வீட்டில்தான் நேராக வெட்டும் வழியைக் கற்றேன்: ஒரு கடதாசியைப் பைப்பைச் சுற்றி விளிம்போடு விளிம்பு பொருந்தும்படி இறுக்கிப் பிடித்து, அந்த ஓரத்தில் கோடு போட்டால் வாள் கோணாமல் போகும். பைப் துருப்பிடிக்காது, கறையான் தின்னாது, கழுவினால் புதிது. இவ்வளவு நல்ல குணத்தோடும் அது தோற்றது அளவில். பெரிய ஆண்களின் சப்பாத்து ஒன்றே 10 சென்ரிமீற்றருக்கு மேல் அகலம். பைப்பின் உள் அகலம் பதினைந்துதான். ஒரு சோடி பக்கத்தில் பக்கத்தில் போகாது, ஒன்றை ஒன்றின் மேல் திணிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளின் சப்பாத்தும் பெண்களின் மெல்லிய செருப்பும் நன்றாக அடங்குகின்றன. சுவரிலிருந்து முப்பது சென்ரிமீற்றர் வெளியே நீட்டுவதால் ஒடுக்கமான விறாந்தையில் தோள் இடிக்கும். வளைந்த இரண்டு மேற்பரப்புகள் ஒன்றையொன்று தொடும் இடம் ஒரு கோடுதான் என்பதால் பிவிசி கம் மட்டும் போட்டு ஒட்டியது சில மாதத்தில் விட்டுப்போயிற்று. சின்ன போல்ட் போட்டு இறுக்கிய பிறகுதான் நின்றது.

அதைவிட எனக்கு மனம் ஒவ்வாதது இருட்டு. நீண்ட, ஒரு பக்கம் சுவரால் அடைபட்ட குழாய். மணல் உள்ளேயே தங்கும். தூவானம் அடித்தால் தண்ணீரும் தங்கும், அடியில் துளை போட மறந்தால் நுளம்புக்கு வேறு இடம் தேவையில்லை. ஒருநாள் அண்ணி மகனின் சப்பாத்தைத் தட்டியபோது விரல் நீள மட்டத்தேள் ஒன்று நிலத்தில் விழுந்து ஓடியது. பிள்ளை அப்போது ஒரு காலில் காலுறை போட்டபடி பக்கத்தில் நின்றான். அதற்குப் பிறகு அண்ணன் குழாய்களின் பின் பக்கத்தைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரியும்படி மாற்றிவிட்டார். மாற்றிய பின் பரவாயில்லை. மிஞ்சிய பைப் சும்மா கிடக்கிறது, பிள்ளைகளின் செருப்புத்தான் அதிகம் என்றால் செய்யுங்கள். புதுப் பைப் வாங்கிச் செய்யப் போனால், அந்தக் காசுக்கு நல்ல பலகையே வாங்கலாம்.

தங்கச்சி காரைதீவில் வாடகை வீட்டில் இருக்கிறாள். சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். அவள் செய்தது கதவின் பின்னால் தொங்கும் பைகள். தடித்த மருதமுனைக் கைத்தறித் துணி ஒன்று பழசாகிக் கிடந்தது. அதை முதுகாக வைத்து, முன்னுக்குப் பைகளைத் துணியில் தைக்காமல் மீன்வலைத் துண்டில் தைத்தாள். கடற்கரையில் வலை பின்னுகிறவர்களிடம் கழிவுத் துண்டு கேட்டால் தருவார்கள். சின்னக் கண் வலையாகப் பாருங்கள், பெரிய கண்ணில் குதி மாட்டிக்கொள்ளும். ஒரு சோடிக்கு ஒரு பை, 20 சென்ரிமீற்றர் அகலம். மேலே ஒரு ரீப்பைத் துண்டு (கூரைக்கு அடிக்கும் ஒடுங்கிய மரச்சட்டம்), அதைக் கதவில் மாட்ட இரண்டு கொக்கி. செலவு என்று சொல்ல நூலும் கொக்கியும்தான். மணல் கண் வழியே உதிர்கிறது, காற்று போகிறது, எது எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. அவளுடைய இந்த யோசனையை நான் எங்கே போனாலும் சொல்வேன். குறை இரண்டு. மேல் பையில் இருக்கும் செருப்பின் மணல் கீழ்ப் பையின் சப்பாத்துக்குள் விழும். நனைந்த கனமான சப்பாத்து ஏறினால் துணி இழுபட்டுக் கதவு மூட மாட்டேன் என்று நிற்கும். மெல்லிய செருப்புகளுக்கும், இன்னும் ஒரு வருடத்தில் வீடு மாறப் போகிறவர்களுக்கும் இதுவே போதும். வேறு எதற்கும் காசு போடாதீர்கள்.

கடைசியாக, இன்றைக்கு எங்கள் விறாந்தையில் நிற்பது. வெறும் ரீப்பை.

பின் தாழ்வாரத்துக் கூரையை மாற்றியபோது கழற்றிய ரீப்பைகள் மதிலோரம் அடுக்கிக் கிடந்தன. ஓடாவியாரிடம் கொடுத்து நாலு பக்கமும் சீவி, விளிம்பை உருட்டி எடுத்தேன். பனஞ்சிலாகை வைத்திருப்பவர்கள் அதையும் பாவிக்கலாம், வைரமான மரம், ஆனால் அதன் நார் கையில் ஏறினால் ஊசி மாதிரி. கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் 20 சென்ரிமீற்றர் அகலப் பலகைத் துண்டு. அவற்றுக்கு நடுவே இரண்டு ரீப்பை. பின் ரீப்பை சுவரிலிருந்து 4 சென்ரிமீற்றர் தள்ளி மேலே, முன் ரீப்பை 17 தள்ளி, அதைவிட 12 சென்ரிமீற்றர் கீழே. சப்பாத்தின் குதி பின் ரீப்பையில் கொளுவி நிற்கும், மூக்கு முன் ரீப்பையில் சாய்ந்திருக்கும். அடியில் ஒன்றும் இல்லை. மணலும் தண்ணீரும் நேரே நிலத்துக்குப் போகும். கீழே ஒரு தும்புக் கால்மிதி போட்டிருக்கிறேன், ஞாயிறு தோறும் அதை உதறினால் வேலை முடிந்தது. ஒரு மீற்றர் நீளத்தில் ஐந்து சோடி, சாய்வாக இருப்பதால் இருபது சென்ரிமீற்றருக்கு மேல் பெரிதாக நீட்டாது.

இதிலும் ஒரு பிழை விட்டேன். எல்லா வரிசைக்கும் ஒரே இடைவெளி வைத்தேன். பெரிய சப்பாத்து இருபத்தெட்டு, முப்பது சென்ரிமீற்றர் நீளம், அது சரியாக நின்றது. மகளின் சப்பாத்து இருபதுதான். ரீப்பைகளுக்கு நடுவே சாய்வாக அளந்தால் பதினெட்டுக்கு மூன்று மில்லிமீற்றர்தான் குறைவு. கை கொஞ்சம் தட்டினாலும் சப்பாத்து நடுவால் கீழே விழும். வெள்ளை பூசிக் காய வைத்த சப்பாத்து சேற்றில் விழுந்த அன்று அவள் அழுத அழுகையில், அடுத்த நாளே பிள்ளைகளின் வரிசையைக் கழற்றி இடைவெளியைப் பன்னிரண்டாகக் குறைத்தேன். வெட்டத் தொடங்க முன் உங்கள் வீட்டிலுள்ள மிகச் சின்னச் சப்பாத்தையும் மிகப் பெரியதையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

றப்பர் செருப்புக்கு இந்தச் சாய்வு தேவையே இல்லை. ஒரே ஒரு மெல்லிய ரீப்பை, சுவரிலிருந்து 4 சென்ரிமீற்றர் தள்ளி, படுக்கையாக. செருப்பின் மூக்கை மேலே பிடித்து, வாரை அதன் விளிம்பில் கொளுவி விட்டால் தொங்கும். இரண்டு மீற்றர் ரீப்பையில் பத்துச் சோடி. இந்த நாலில் மிகச் சுலபமான வேலையும் இதுதான், அதிகம் பயன்பட்டதும் இதுதான். உயரத்தில் தொங்குவதால் தெருநாய் ஒற்றைச் செருப்பைக் காவிக்கொண்டு போகும் தொல்லையும் நின்றது.

மரத்துக்குப் பூச்சு முக்கியம், அதிலும் வெட்டு முகம். மரம் தண்ணீரைக் குடிப்பது அதன் முனையால்தான். மேற்பரப்புக்கு இரண்டு முறை வார்னிஷ் பூசினால் முனைக்கு மூன்று முறை பூசுங்கள். ஸ்குரூவில் காசு பார்க்க வேண்டாம். சாதாரண வெள்ளைப் பூச்சு ஸ்குரூ எங்கள் காற்றில் ஒரு மாரிக்குள் அழத் தொடங்கும், சுவரில் மண்ணிறக் கோடு வடியும். துரு ஏறாத ஸ்ரீல் ஸ்குரூ என்று ஹாட்வெயார் கடையில் கேட்டு வாங்குங்கள். ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு போதும், அந்த விலை வித்தியாசம் தாங்கக்கூடியதுதான். மரம் கிடைக்காதவர்கள் அலுமினியத் திரைச்சீலைக் கம்பியிலும் இதே அளவில் செய்யலாம். அதற்குப் பித்தளை ஸ்குரூ போடக்கூடாது. உப்பு ஈரத்தில் பித்தளையும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு இருந்தால் அலுமினியம் அரிந்து வெண்தூளாகும்.

எந்தச் சுவர் என்பதும் ஒரு தெரிவுதான். மாரி மழை வாடைக் காற்றோடு வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். கடலைப் பார்த்த சுவரில் என்ன மாட்டினாலும் நனையும். எங்களுடையது மேற்குச் சுவர், மழை விட்ட பின்னேரங்களில் வெயில் நேரே விழும். அந்த ஒரு மணித்தியால வெயில் செருப்புக்குப் போதும்.

இரண்டாவது மாரி முழுக்க இப்படியே போனது. பிள்ளைகளின் வரிசை நிலத்திலிருந்து முப்பத்தைந்து சென்ரிமீற்றரில், பெரியவர்களின் சப்பாத்து அறுபத்தைந்தில், றப்பர் செருப்பு ரீப்பை ஒரு மீற்றர் உயரத்தில். பிளைவூட் பெட்டி உள் அறைச் சுவருக்குப் போய்விட்டது. விசேஷங்களுக்கு இருபது பேர் வந்தால் இன்றைக்கும் வாசற்படியில் குவியும், அதற்கு எந்தத் தட்டும் போதாது. முழங்கால் வலியால் குனிய முடியாத மாமி, ரீப்பையின் கதவுப் பக்க முனையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். வேறு யாராவது அங்கே கொளுவினால், "மகள், இது என்ட இடமெல்லா?" என்று கேட்டு, அதை எடுத்து அடுத்ததில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்.